ஆத்தா கேட்ட இடம்

சண்முகவடிவுக்கு அந்த மாசியில் வந்தது அம்மை போடுகிற ஆத்தா இல்லை, கம்பளிப்பூச்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்த அத்தனை பேரும் வேறு மாதிரி நம்பினார்கள். அவர்கள் நம்பியதில் தப்பும் இல்லை. ஆனால் உடம்பு வடிவுடையது, பட்டது என்ன என்று அவளுக்குத் தெரியாதா?

அக்கரப்பத்தனை பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூச்சு வாங்க மேலே ஏறினால் வருகிற தோட்டம் அது. ஐம்பத்தாறாம் வருஷம். தை பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மழை கிடையாது. விடியற்காலையில் புல் மேலெல்லாம் வெள்ளைப் பனி, பத்து மணிக்கு மேல் மண்டையைப் பிளக்கிற வெயில். இரண்டும் சேர்ந்து தேயிலையைக் கருக்கிவிட்டன. பச்சை குறைந்துபோன அந்த நாளில் செடிக்குள் பெருகியது பூச்சி ஒன்றுதான். மேல் மலையில் கொழுந்து தேடிக் குனிந்தபோது ஒரு கிளை வடிவின் கழுத்தையும் இரண்டு கைகளையும் உரசியது. எரிந்தது. கொஞ்ச நேரத்தில் சிவப்புச் சிவப்பாய்த் தடித்தது. வெறும் வயிற்றில் வெயில் ஏறி உடம்பும் சுட்டது. கங்காணியிடம் சொல்லிவிட்டு மத்தியானமே லயத்துக்கு இறங்கினாள்.

அவளுடைய கெட்ட நேரம், மாமியார் ராக்காயி அன்று வேலைக்குப் போகவில்லை. ராக்காயிக்கு ஐம்பதைத் தாண்டியும் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருந்தது, கையில் வேகம் இருந்தது, வாயில் அதைவிட வேகம் இருந்தது. மருமகளின் கழுத்தைப் பார்த்தவள் கையில் இருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"தாயே! மகமாயி! என் வீட்டுக்கா வந்திருக்க!"

"அத்தை, இது பூச்சி. மேமலையில செடி உரசுச்சு..."

ராக்காயி தன் கன்னத்தில் தானே படபடவென்று போட்டுக்கொண்டாள். "ஏ புள்ள! ஆத்தாளப் பூச்சின்னு சொல்லாதடி! வாயக் கழுவு!"

அதற்கு மேல் வடிவு வாய் திறக்கவில்லை. திறக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. ராக்காயிக்கு ஒரு மகள் இருந்தாள். ஒரு வெயில் காலத்தில் அவள் நெற்றியில் இரண்டு பொட்டுப் போல வந்தபோது, "வேர்க்குருடி, எந்திரிச்சுப் பெரட்டுக்குப் போ" என்று காலைப் பெயர் கொடுக்க விரட்டி அனுப்பியவள் ராக்காயிதான். அந்தப் பிள்ளை அந்த மாதம் தாண்டவில்லை. அன்றிலிருந்து ராக்காயி எந்தச் சிவப்பையும் வேர்க்குரு என்று சொன்னதில்லை. அவளிடம் போய் எதைச் சொல்லி வாதாடுவது?

அப்போதும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. அந்தக் குளிர் மலையில் வேப்பமரம் வளராது. வேப்பிலை இல்லாமல் ஆத்தாளை எப்படி உட்கார வைப்பது? ஆனால் வடிவின் புருஷன் நல்லமுத்து சொன்ன சொல் தட்டாத பிள்ளை. அம்மா சொன்னதும் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய், சோமசுந்தரம் கடைக்கு மாத்தளையிலிருந்து வந்த லாரியில் கேட்டு வாங்கி, பொழுது சாய ஒரு கட்டு வேப்பிலையோடு வந்து நின்றான். அத்தனை தூரம் வந்த வேப்பிலையைப் பார்த்த பிறகு, ஆத்தா வரவில்லை என்று யார் சொல்ல முடியும்? வாசலில் தொங்கவிட்டார்கள். பாயில் பரப்பினார்கள். வடிவைப் படுக்க வைத்தார்கள்.

விட்டு விட்டு மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றும் வரை வெளியே வரக்கூடாது. தலை சீவக்கூடாது. அடுப்பில் தாளிப்பு வாசம் எழக்கூடாது. மருந்தும் உள்ளே வரக்கூடாது, மருந்துக்காரரும் வரக்கூடாது. பிள்ளைகள் இரண்டையும் பக்கத்துக் காம்பராவில், அடுத்த அறைக்காரி மீனம்மாளிடம் விட்டாயிற்று. நல்லமுத்துவும் அங்கேதான் வாசலில் படுத்தான். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வடிவு ஒரு துரும்பைக்கூட எடுத்து அந்தப் பக்கம் போடக்கூடாது. வேலை செய்தால் ஆத்தாளை வேலை வாங்கியது போல ஆகிவிடும்.

சும்மா இருப்பது சுகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். லயத்துக் காம்பரா ஒன்றில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்களா என்று தெரியவில்லை. ஜன்னல் கிடையாது. ஒரே கதவு, அதிலும் பழைய சேலை தொங்கியது. மேலே தகரம். நாலு எட்டு வைத்தால் சுவர், திரும்பி நாலு எட்டு வைத்தால் அடுப்பு. குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டலாம் என்பார்கள், இங்கே குதிரை திரும்பவும் இடமில்லை.

மறுநாள் இருட்டோடு பெரட்டுக்குத் தப்புப் பறை அடித்தது. வடிவின் கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்து நின்றுவிட்டன. பதினோரு வருஷப் பழக்கம். கூடையைத் தேடிக் கை நீண்டது. வாசலில் குந்தியிருந்த ராக்காயி பதறிப்போய், "ஆத்தா, படுத்துக்க தாயே" என்றாள். வடிவு படுத்தாள். வெளியே காலடிகள், இருமல், யாரோ யாரையோ திட்டுவது எல்லாம் மலைப்பக்கமாகப் போய் மறைந்தன. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது. கை சேலை முந்தானையின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிப் போட ஆரம்பித்தது. சின்னவன் மீனம்மாள் காம்பராவில் அழுதது சுவர் வழியாகக் கேட்டது. நாலு விரல்கடைச் சுவர். அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் தாய். போய் எடுக்க முடியவில்லை. ராக்காயி தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்து, ஒரு சட்டியை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க உயிர் வந்தது. திரும்பி வந்த ராக்காயி சட்டியைப் பிடுங்கி, அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். மாமியார் காலில் விழுந்தால் மருமகள் என்ன செய்வாள்? போய்ப் படுத்தாள். எனக்கு ஒன்றும் இல்லை, என்னை விட்டுவிடுங்கள் என்று கத்தவேண்டும் போல இருந்தது. பாயைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

அன்று சாயங்காலம் ராக்காயி வாசலுக்கு வெளியே கை கூப்பி நின்றாள்.

"ஆத்தா, வந்திருக்க. சந்தோசம். ஒனக்கு என்ன வேணும்? கேளு. மூணாந் தண்ணிக்குள்ள கேட்டுப்புடு தாயே. கொறையோட போயிடாத."

அதுவும் வழக்கம்தான். வந்த ஆத்தா கேட்டதைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றிவிட்டால் ஆத்தா இறங்கிவிடுவாள், அப்புறம் கேட்பாரும் இல்லை, கொடுப்பாரும் இல்லை.

"தெரியல," என்றாள் வடிவு.

"கூழு காய்ச்சட்டுமா? மஞ்சச் சேல எடுத்துச் சாத்தவா?"

"தெரியலங்க."

ராக்காயி கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள். கேள்வி மட்டும் நகரவில்லை. காம்பராவுக்குள்ளேயே வடிவோடு தங்கிவிட்டது. உனக்கு என்ன வேணும்? அவளிடம் இதை யார் கேட்டிருக்கிறார்கள்? கங்காணி எத்தனை றாத்தல் கொழுந்து என்று கேட்பான். புருஷன் சோறு ஆச்சா என்று கேட்பான். கவர்மெண்டு ஆள்கூட ஒரு தடவை பிரஜாவுரிமை விசாரிக்க வந்து, எங்கே பிறந்தாய், உன் அப்பன் எங்கே பிறந்தான், அதற்குச் சாட்சி என்ன என்று கேட்டுவிட்டுப் போனான். என்ன வேணும் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். அதுவும் அவளை இல்லை. ஆனாலும் பதில் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவளிடம் பதில் இல்லை. அந்த வெறுமைதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

முதல் தண்ணீர் ஊற்றுவதற்குள் தடிப்பெல்லாம் வடிந்துவிட்டது. "ஆத்தா சாந்தமா இருக்கா" என்று லயமே மெச்சிக்கொண்டது. உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே போய்விடலாமா என்று வடிவு யோசித்தாள். ஈரத் தலையோடு எழுந்து கதவு வரை போனாள். சேலையை விலக்கினால் என்ன இருக்கிறது? தண்ணீர்க் குடம், விறகு, கூடை, தப்புச் சத்தம், மறுபடியும் குடம். அவள் கை சேலையைப் பிடித்தபடியே நின்றது. உள்ளே அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தவித்தாளே, இதற்கு முன்னால் அவள் எங்கே இருந்தாள்? அடைப்புக்கு வெளியேவா? திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள். படுக்கவில்லை, உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை வழியாக வெயில் ஒரு பொட்டு அளவுக்குச் சுவரில் விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். அது சுவரை விட்டு இறங்கி, தகரப் பெட்டி மேல் ஏறி, அடுப்புக் கல்லைத் தொட்டு, மெல்ல மெல்லப் பாய்க்கு வந்தது. இந்தக் காம்பராவுக்கு வாழ வந்து இத்தனை வருஷத்தில் அவள் இதைப் பகலில் பார்த்ததே இல்லை. மற்ற நாளில் மலை, ஞாயிற்றுக்கிழமையில் ஆற்றுத் துணியும் காட்டு விறகும். இந்த வெயில் மட்டும் தினமும் ஆளில்லாத வீட்டுக்குள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

வெயில் அவள் பாதத்தில் வந்து நின்றது. அங்கே கணுக்காலுக்குக் கீழே ஒரு தழும்பு. நீளமானது. அட்டை கடித்த வடு இல்லை, செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பட்டதாக இருக்கலாம். எப்போது பட்டது? எவ்வளவு இரத்தம் போயிருக்கும்? யார் கட்டுப் போட்டார்கள்? ஒன்றும் ஞாபகம் இல்லை. தன் காலில் இருப்பது தனக்கே தெரியாமல் போயிருக்கிறது. அதைத் தடவிப் பார்த்தாள். யாரோ தெரிந்த பெண்ணின் காலைத் தடவுவது போல இருந்தது. ஐயோ பாவம், எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது. சத்தம் வராமல் நன்றாக அழுதாள். அழுது முடித்தபோது மனசு லேசாக இருந்தது. அப்புறம் சும்மா உட்கார்ந்திருந்தாள். கை முந்தானையைக் கிள்ளவில்லை.

இரண்டாம் தண்ணீரும் ஆயிற்று. ராக்காயி கேட்டாள். வடிவு பேசவில்லை. இப்போது பதில் தெரியாததால் இல்லை. பதில் வந்துகொண்டிருந்தது, பயமாக இருந்தது. இப்படி உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு வேண்டும். இதைப் போய் ஒரு பெண்பிள்ளை எப்படிக் கேட்பாள்? சேலை கேட்கலாம், மூக்குத்தி கேட்கலாம். சும்மா உட்கார வேண்டும் என்று கேட்டால் சோம்பேறி என்பார்கள். ஆனால் கேட்கப் போவது வடிவு இல்லையே, ஆத்தா அல்லவா? ஆத்தாளைச் சோம்பேறி என்று எந்த மாமியார் சொல்லுவாள்? பொய்தான். பெரிய பொய். கண் அவிந்து போகலாம். போனால் போகட்டும், இன்றைக்கு விட்டால் இனி எந்தக் காலத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

மூன்றாம் தண்ணீருக்கு முன்னால் ராக்காயி வாசலில் வந்து நின்றாள்.

"ஆத்தா, இதான் கடேசி. வாயத் தொறந்து சொல்லிப்புடு தாயே."

"எடம் வேணும்," என்றாள் வடிவு.

"எடமா?"

"இஸ்தோப்புல. கதவுக்குப் பக்கத்துல. சும்மா உக்காரணும். யாரும் வேல சொல்லாம, யாரும் கூப்புடாம. வாரத்துல ஒரு பொழுதாச்சும்."

ராக்காயி இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "ஆகட்டும் தாயே," என்றாள். "ஆகட்டும். இது கூடவா செய்ய மாட்டேன்."

வடிவுக்கு நம்ப முடியவில்லை. மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தபோது குளிரவே இல்லை. காம்பராவுக்கு முன்னால் தூண் வைத்து இறக்கிய அந்தச் சின்ன இஸ்தோப்பில், கதவுக்கு இடப்பக்கம், விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரலாம். எதிரே மலை தெரியும். அதையேதான் மனசில் வைத்திருந்தாள். துடைத்து, சேலை மாற்றி, வேப்பிலையைத் தாண்டி வெளியே கால் வைத்தாள்.

அந்த இடத்தில் ஒரு கல் உட்கார்ந்திருந்தது.

ஆற்றிலிருந்து எடுத்து வந்த கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஹட்டன் வேப்பிலையில் மிச்சமிருந்த ஒரு கொத்தையும் செருகியிருந்தார்கள். விறகெல்லாம் தள்ளி அடுக்கியிருந்தது. லயம் முழுக்கக் கும்பிட்டு நின்றது. நல்லமுத்து இவ்வளவு பெருமையோடு நின்று வடிவு பார்த்ததே இல்லை.

"ஆத்தாளே எடம் கேட்டுருக்கா, புள்ள! நம்ம வாசல்ல!"

ராக்காயி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "வாரத்துக்கு ஒரு பொழுதுன்னு சொல்லிட்டா. வெள்ளிக்கெழம தவறாம மெழுகி வெளக்கு வைக்கணும். வடிவு, அது ஒம் பொறுப்பு. ஒம் மேல எறங்குனவ."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி மனசாரக் கொடுத்துவிட்டாள், வாங்கிக்கொண்ட ஆள்தான் வேறு. வடிவு கல்லைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கினாள். அழுகையும் வந்தது, அதையும் அடக்கினாள். பிறகு எல்லோரையும் போல விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் தப்பு அடித்தது. அதிலிருந்து வெள்ளிதோறும் மலையிலிருந்து இறங்கி, குடம் எடுத்து, உலை வைத்து, அதற்கு மேல் சாணி கரைத்து அந்த இடத்தை மெழுகினாள். பூசும்போதெல்லாம் கல் மேல் பொறாமையாக இருந்தது. நீ நல்லா உட்கார்ந்திருக்கடி என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். யாரும் அதற்கு வேலை சொல்லவில்லை, யாரும் அதைக் கூப்பிடவில்லை. கேட்டபடியே நடந்தது.

மழை வந்தது, போனது. மறு மாசியும் காய்ந்தது. ஒரு மத்தியானம் ராக்காயி மலையிலிருந்து சீக்கிரம் இறங்கி வந்தாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று அன்று வீட்டில் இருந்த வடிவு, அந்த முந்தானையை விலக்கிப் பார்த்தாள். முழங்கை வரை சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. என்னவென்று பார்த்தவுடனே தெரிந்தது.

"பூச்சிடி," என்றாள் ராக்காயி மெதுவாக. "நான் கண்ணால பாத்தேன். செடியிலேயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

மாமியாரின் முகம் காய்ந்துபோய் இருந்தது. காதோரம் நரம்பு புடைத்திருந்தது. வடிவு முந்தானையை மறுபடி அந்தக் கை மேல் இழுத்து மூடினாள். பிறகு தன் கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டாள்.

"ஆத்தாளப் பூச்சின்னு சொல்லாதீங்க அத்தை!"

தான் போட்ட சட்டத்தை ராக்காயியே எப்படி உடைப்பாள்? அன்று சாயங்காலமே நல்லமுத்து ஹட்டனுக்குப் போனான். வடிவு செய்தது பழியா, பரிவா என்று கேட்டால், இரண்டும்தான். அடைபட்டுக் கிடந்து பார்க்கட்டும் என்றும் இருந்தது, பாவம் கொஞ்சம் கிடக்கட்டும் என்றும் இருந்தது.

ராக்காயி அடங்கிக் கிடக்கிற ஆளா? முதல் நாள் முழுக்கப் புலம்பினாள், தப்புச் சத்தத்துக்கு எழுந்து நின்றாள், ஒரு தடவை சட்டியைக்கூட எடுத்துவிட்டாள். வடிவு போய்க் காலில் விழுந்தாள். வழக்கம் என்றால் எல்லாம்தான். மறுநாள் சத்தம் குறைந்தது. அதற்கடுத்த நாள் சேலையை விலக்கி எட்டிப் பார்த்தபோது, ராக்காயி பாயில் உட்கார்ந்து சுவரில் இறங்கும் வெயில் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடிவு வெளியே கை கூப்பி நின்றாள். "ஆத்தா, ஒனக்கு என்ன வேணும்?"

ராக்காயி வெயில் பொட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியலையேடி," என்றாள் ராக்காயி. குரல் அவளுடையதாகவே இல்லை. "நேத்துலருந்து யோசிச்சுப் பாக்குறேன். எனக்குன்னு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. அந்தப் புள்ள மட்டும் வந்து வந்து நிக்குது. வேர்க்குருன்னு சொல்லி வெரட்டுனேன் பாரு, அவ. நின்னு அழுவக்கூட இல்லடி நான். மறுநாளே பெரட்டுக்குப் போயிட்டேன்."

"இப்ப அழுவுங்க அத்தை," என்றாள் வடிவு. "யாரும் கூப்புட மாட்டாங்க."

உள்ளே ராக்காயி அழுதாள். வெளியே வடிவு காவல் இருந்தாள். எட்டிப் பார்க்க வந்த மீனம்மாளைக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினாள்.

இருட்டுகிற நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வடிவு. போன வருசம் எடம் கேட்டது ஆத்தா இல்ல. நீதான?"

வடிவு கதவுச் சேலைக்கு நெருங்கி வந்தாள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நாந்தான் அத்தை."

மூன்றாம் தண்ணீர் அன்று லயமே கூடி நிற்க, ராக்காயி வாயால் ஆத்தா பேசினாள். தன்னை இந்தக் கதவோரத்தில் வைத்தது போதும் என்றாள். மேலே தோட்டத்துக் கோயிலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள். தான் உட்கார்ந்த இடத்தில் விறகு அடுக்கக்கூடாது, சட்டி வைக்கக்கூடாது, காலியாக இருக்க வேண்டும் என்றாள். யாருக்கும் விளங்கவில்லை, ஆனால் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நல்லமுத்து கல்லைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஏறினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் அங்கே உட்கார்ந்தார்கள். நெருக்கி உட்கார வேண்டியிருந்தது. எதிரே காய்ந்த மலை. மூத்தவள் வந்து, "அம்மா, தண்ணி இல்ல" என்று சொல்லும் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

பங்குனி முடிவதற்குள் மழை பிடித்தது. கொழுந்து குபுகுபுவென்று வந்தது. வாரம் ஏழு நாளும் வேலைக்குப் பெயர் போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமையும் மலைதான். அதற்குப் பிறகு அங்கே உட்கார இரண்டு பேருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. ஆனால் அந்த லயத்தில் கோழிக்கூடு வைக்க இடமில்லாமல் சண்டை போட்ட காலத்திலும், அவர்கள் கதவோரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் சும்மாவே கிடந்தது. வெள்ளிக்கிழமை தோறும் வடிவு அதை மெழுகிவிட்டுத்தான் உள்ளே போவாள்.